காலேஜ் வாசலுக்கு வந்த காளவாய்த் தெரு

செங்கரட்டூர்க் காலேஜில் வேலைக்கென்று வந்து இறங்குகிற யாரிடமும் அந்த ஊர் எடுத்த எடுப்பில் கேட்பது, வண்டி இருக்கா என்றுதான். காலேஜைக் கட்டியவர்கள் அதை ஊருக்கு மேற்கே கரட்டு அடிவாரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள், பஸ் ஸ்டாண்டோ கிழக்குக் கோடியில் கிடக்கிறது, இரண்டுக்கும் நடுவே ரயில் பாதை குறுக்கே விழுந்து படுத்திருக்கிறது, டவுன் பஸ் மனசு வந்தால் வரும், வராவிட்டால் யாரும் அதைக் கோபித்துக்கொள்வதில்லை. ஆகவே வண்டி இருக்கிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் குடியிருந்துகொள்ளலாம், இல்லாதவர்கள் எங்கே இருப்பது என்பதை அந்த ஊர் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை.

வரலாற்றுத் துறைக்குக் கௌரவ விரிவுரையாளராக வந்த செவ்வந்தியிடம் வண்டி இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டுவந்திருந்தாள். காலேஜை ஒட்டியிருந்த வாத்தியார் காலனியில், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே செம்பருத்தி எட்டிப்பார்க்கிற வீடுகளில், மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஏறி இறங்கினாள். தனியாகவா இருப்பீர்கள் என்றார்கள், சைவம்தானே என்றார்கள், எந்த ஊர் என்றார்கள், சொன்னதும் ஊரில் எந்தப் பக்கம் என்றார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும்போது எழுந்துவிட வேண்டும் என்று செவ்வந்திக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அவள் பிறந்த ஊரில் காலனி என்றால் அவர்கள் பக்கம். ஊர்ச்சோறு ஒரு பக்கமும் காலனிச்சோறு ஒரு பக்கமுமாக வேகிற ஊர் அது. இங்கே அதே வார்த்தைக்குச் செம்பருத்தியும் கார் நிறுத்துகிற கொட்டகையும் அர்த்தமாக இருந்தன.

கடைசியில் அவளுக்கு இடம் கொடுத்தது காளவாய்த் தெரு. ரயில் பாதையைத் தாண்டி, சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில், வருசம் பூராவும் வெள்ளைத் தூசி படிந்து கிழவனின் புருவம்போல் நரைத்துக் கிடந்த தெரு. அங்கே இட்லிக்கடை வைத்திருந்த ரோஸ்லின், தன் வீட்டுப் பக்கவாட்டில் ஒட்டுப்போட்டுக் கட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பொங்கித் தின்பீங்களா டீச்சர், இல்ல எங்கிட்டயே சாப்பிட்டுக்கிறீங்களா?"

செவ்வந்திக்கு அழுகை வந்தது. நன்றியால் வந்தது என்றுதான் ரோஸ்லின் நினைத்தாள். உண்மையில், எந்த மாதிரித் தெருவிலிருந்து தப்பிப்பதற்காக இத்தனை பரீட்சை எழுதினாளோ, அந்த மாதிரித் தெருவுக்கே வந்து சேர்ந்துவிட்டோமே என்றுதான் வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், அதே துறையில் இருந்த வைதேகி மேடம், காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கி, "எங்க தங்கியிருக்கீங்க செவ்வந்தி? போற வழின்னா ஏத்திக்கிறேன்" என்றாள். "காலனியிலதான் மேடம், உள்ள தள்ளி, நடந்தே வந்துருவேன்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அந்தப் பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. விடிந்ததும் கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி, பருத்தி மில்லைத் தாண்டி, கடைவீதி நீளத்துக்கும் நடந்து, அப்படியே நேராகப் போனால் காலேஜ் வாசல் என்கிற இடத்தில் நேராகப் போகாமல், ஒரு சுற்றுச் சுற்றி, காலனியின் பின்பக்கமாக நுழைந்து, செம்பருத்திகளுக்கு நடுவே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வருகிறவளைப்போல அவள் வெளிப்படுவாள்.

சாயங்காலம் கால் இரண்டும் வீங்கிவிடும். ரோஸ்லின் அலுமினியச் சட்டியில் உப்புப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைப்பாள். இதைத் தெரு முழுக்கப் பார்த்தது. காளவாயில் கல் சுமக்கிற ஆண்கள் தெருக்குழாயடியில் டீச்சரின் காலைப் பற்றிப் பேசினார்கள், பெண்கள் பேசினார்கள், தண்ணி லாரி ஓட்டப் போய் வாரத்துக்கொரு தடவை வருகிற ரோஸ்லினின் புருசன் சவரிமுத்துகூட, வந்ததும் வராததுமாக, "டீச்சர் காலு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான். காலேஜில் பாடம் சொல்லித்தருகிற ஒருத்தி தங்கள் தெருவில் குடியிருப்பது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்ததால் அவளுடைய வீக்கம் அவர்களுக்கும் வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தோனியார் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, எல்லோரும் சேர்ந்து அதையே நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை விடிந்தபோது தெரு காலேஜ் வாசலில் இருந்தது.

காலேஜுக்கும் வாத்தியார் காலனிக்கும் நடுவே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பொட்டலில், முள்ளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, தெரு தன் வீடுகளோடும் சாக்கடையோடும், குருசடியோடும் குருசடி வேம்பில் கட்டியிருந்த டயர் ஊஞ்சலோடும், ஆடுகளோடும், காயப்போட்ட துணிகளோடும், வாசலில் படுத்திருந்தவர்களோடும், ஒரு பானைகூட உருளாமல் வந்து படுத்திருந்தது. தெருவிளக்குகள் கம்பி எதுவும் இல்லாமலே எரிந்துகொண்டிருந்தன. ரோஸ்லின் எழுந்து வெளியே வந்து, எதிரே காலேஜ் பேர் எழுதிய வளைவைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள், "நல்லதாப் போச்சு, பிள்ளைக சாப்பிட வரும்" என்று சொல்லிவிட்டு உளுந்தை இன்னும் ஒரு படி கூடுதலாக ஊறப்போட உள்ளே போனாள்.

ஊரும் அதிகம் திகைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, தெரு பழைய நீளத்தில் அப்படியே இருக்கிறது, ஒரு அடிகூடக் கூடவில்லை என்று திருப்திப்பட்டுப் போனார். மின்வாரியத்து ஆள் வந்து, கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல், மீட்டரை மட்டும் குறித்துக்கொண்டார். டவுன் பஸ் கண்டக்டர் முதல் நாளே "காளவாய்த் தெரு இறங்கு" என்று கூவ ஆரம்பித்தார், காளவாய் இருக்கிற இடத்தில் இறங்க வேண்டியவர்களும் அங்கேயே இறங்கிச் சண்டை போட்டார்கள். காலனிக்காரர்கள் முதலில் ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு சங்கம் கூட்டினார்கள். பிறகு, சங்கம் கூடினால் பசிக்கும் அல்லவா, தூக்குவாளியைக் கொடுத்து வேலைக்காரியைப் பின்கேட் வழியாக ரோஸ்லினிடம் இட்லிக்கு அனுப்பினார்கள்; அனுப்பியதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

காளவாய் மட்டும் தெருவோடு வரவில்லை. அது பழைய இடத்திலேயே புகைந்துகொண்டிருந்தது. அதனால் காளவாய் ஆட்கள் இப்போது கடைவீதியைத் தாண்டி, மில்லைத் தாண்டி, கேட்டைத் தாண்டி வேலைக்கு நடக்க வேண்டியதாயிற்று. செவ்வந்தி அதைக் கேட்டு, "அய்யோ, எனக்காகவா?" என்றாள்.

"இத்தன நாள் நீங்க நடந்த நடதான டீச்சர்" என்று சூசை என்கிற கல் சுமக்கிறவர் சிரித்தார். "எங்களுக்கென்ன, காலு காய்ச்சுப்போன காலு."

செவ்வந்தியின் அறைக்கதவைத் திறந்தால் நேர் எதிரே காலேஜ் வாசல். தெருவைக் குறுக்கே கடந்தால் போதும். ஆனால் அந்தக் கதவை அவள் திறக்கவில்லை. கக்கூசுக்குப் போகிற பின்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்ற கருவேலத்துக்குள் நுழைந்து, சேலையை முள் இழுக்க இழுக்க விடுவித்துக்கொண்டு, பொட்டலைச் சுற்றி, காலனியின் பின்பக்கம் போய், செம்பருத்திகளுக்கு நடுவே முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிப்பட்டாள். காலேஜ் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தத் தெருவைக் கடக்கும்போது குனிந்தபடியே கடந்தாள். அவளுக்காக அத்தனை தூரம் வந்த தெருவிலிருந்து அவள் தினமும் திருட்டுத்தனமாக வெளியேறினாள். சாயங்காலம் பிள்ளைகள் கலைகிறவரை நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, முள்ளுக்குள் புகுந்து வந்தாள்.

ரோஸ்லின் ஒரு நாள் கொடியில் காய்ந்த சேலையை மடிக்கும்போது, கீழ்க்கரை முழுக்கக் கிழிசலைப் பார்த்தாள். அதில் ஒடிந்து நின்ற முள் ஒன்றை நகத்தால் பிடுங்கினாள். செவ்வந்தியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "ஊசி நூல் இருக்கா டீச்சர், நான் தரட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரு வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை. குழாய் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது, பூமிக்குள் இருந்த பைப் பழைய இடத்தோடு நின்றுபோயிருந்தது. நகராட்சி புதுப் பைப் போட நாளாகும் என்றார்கள். காலேஜுக்குள் போர்வெல் இருந்தது, எந்நேரமும் தொட்டி நிரம்பி வழிந்தது. வாசலுக்கு உள்ளே ஒரு குழாயைத் திறந்துவிட்டால் போதும். அதைத் தீர்மானிக்க முதல்வர் அறையை ஒட்டிய கூடத்தில் ஆசிரியர் கூட்டம் போட்டார்கள். செவ்வந்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் கொடுத்தால் தெரு இங்கேயே நிலைத்துவிடும் என்றார் ஒருவர். கொடுக்காவிட்டால் வந்த வழியே போய்விடும் என்றார் இன்னொருவர், ஒரு மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல. வாசலை வடக்குப் பக்கம் மாற்றிக் கட்டிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அப்போதுதான் ரோஸ்லினும் சூசையும் இன்னும் நாலைந்து பேரும் கதவருகே வந்து நின்றார்கள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டிருந்தார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"அய்யா, நாங்க பேசத் தெரியாம எதாச்சும் பேசிருவோம்" என்றாள் ரோஸ்லின். "எங்க டீச்சர் இங்கதான் இருக்காங்க. எங்க தெருதான். அவங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாருக்கும் வெளங்கும்."

"எந்த டீச்சர்?" என்றார் துறைத் தலைவர் நாச்சியப்பன்.

ரோஸ்லின் கையை நீட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. வைதேகி மேடத்தின் தலையும் திரும்பியது, அதில் கோபமோ ஏளனமோ எதுவும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது, அந்த ஆச்சரியத்தைத்தான் செவ்வந்தியால் தாங்க முடியவில்லை. ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்வியை நாற்பது முகங்கள் ஒரே சமயத்தில் கேட்பதுபோல் இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு இவங்களத் தெரியாது சார்" என்றாள். "யாரோன்னு நெனச்சுக்கிட்டாங்க போல."

சூசை வாயைத் திறந்தார். ரோஸ்லின் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆமாங்கய்யா" என்றாள் ரோஸ்லின். "கண்ணு சரியில்ல எனக்கு. ஆள் மாத்திச் சொல்லிட்டேன். அந்த மேடம் மன்னிச்சுக்கணும்."

"பாவம், அவங்க காலனியில இருக்கிறவங்க, அவங்களப் போய்" என்று யாரோ சிரித்தார்கள். கதவருகே இருந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். தண்ணீர் தருவதற்கில்லை என்று முடிவாயிற்று, பிறகு டீயும் பிஸ்கட்டும் வந்தன. செவ்வந்தி பிஸ்கட்டைக் கையில் எடுத்தாள், அது விரல் சூட்டில் ஊறிப் பொடியாகும்வரை வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் முள்ளுக்குள் புகுந்து, பின்கதவு வழியாக வந்து, பாயில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே போய் அடுக்களை வாசலில் நின்றாள்.

"அக்கா."

"தண்ணி கேக்கத்தான் வந்தோம் டீச்சர்" என்றாள் ரோஸ்லின், தேய்ப்பதை நிறுத்தாமல். "உங்கள இழுத்து விடணும்னு வரல. நீங்க எந்தப் பக்கமாப் போறீங்க வாறீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். பொழப்புன்னா எதாச்சும் இருக்கும்னு விட்டுட்டேன். தெரியாதுன்னு சொல்லுவீங்கன்னு நெனைக்கல."

"நான்…"

"வருத்தமில்லன்னு சொல்ல மாட்டேன். சோறு மூடி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க."

செவ்வந்தி சோற்றை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாததும் ஒரு அவமரியாதைதான் என்று பாயில் படுத்த பிறகு தோன்றியது, எழுந்துபோக முகம் இல்லை.

விடிந்து கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. ரோஸ்லின் வீட்டோடு ஒட்டியிருந்த பக்கத்துச் சுவரைக் காணவில்லை. ரொட்டியைப் பிய்த்ததுபோல் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது, அதற்கு அப்பால் வெள்ளைப் பொட்டல், பொட்டலுக்கு அப்பால் காளவாய் புகைந்துகொண்டிருந்தது. அவளுடைய அறை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. சுற்றிலும் வீடுகள் இருந்த இடமெல்லாம் தூசி படியாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது, அவற்றுக்கு நடுவே ஒற்றைப் பல்போல் அவளுடைய அறை நின்றது.

வேலைக்கு நடந்து வந்த காளவாய் ஆட்கள் அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒரு வீடு இப்படிச் செய்வது நடக்கக்கூடியதுதான் என்பதுபோல், சாக்கும் தார்ப்பாயும் எடுத்துவந்து திறந்த பக்கத்தை மறைத்துக் கட்டினார்கள். சூசை கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நாங்க யாரும் அனுப்பல டீச்சர்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதுவாக் கோவிச்சுக்கிட்டு வந்துருச்சு." அவர் சொன்ன கோபம் யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், புருசனோடு சண்டை போட்டுவிட்டுத் தாய்வீடு போன பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல. இரண்டு பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கோடு போய், அந்த அறையின் முன்னால் உட்கார்ந்து, திரும்பி வரச்சொல்லி நயமாகக் கேட்டும் பார்த்தார்கள். அறை அசையவில்லை. தண்ணீர் விஷயமும் தானாக ஒரு வழிக்கு வந்திருந்தது: விடுதிப் பையன்கள் யாரிடமும் கேட்காமல், தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற ரப்பர் குழாயைச் சுவருக்கு மேலே தூக்கித் தெருப்பக்கம் போட்டுவிட்டார்கள். முதல்வர் அதைப் பார்த்தார், பார்க்காதவர்போல் போய்விட்டார், அதன் பிறகு அது எப்போதும் அங்கே கிடந்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லக்கூட அங்கே அவள் தேவைப்படவில்லை.

வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று செவ்வந்தி நினைத்தாள். வேறு ஊரிலும் ஒரு காலேஜ் இருக்கும், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், இவளுக்கும் வாய் இருக்கும். அதை நினைத்தபோது கால் கூசியது. தார்ப்பாய் கட்டிய அறையிலேயே இருந்தாள். விடிந்ததும் கிளம்பி, கேட்டைத் தாண்டி, மில்லைத் தாண்டி, கடைவீதி நீளத்துக்கும் நடந்தாள். ஆனால் காலனியைச் சுற்றவில்லை. நேராகப் போனாள். நேராகப் போனால் காளவாய்த் தெருவின் நடுவே போயாக வேண்டும். இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள், யாரும் திட்டவில்லை, "என்ன டீச்சர், வேர்த்துப்போச்சு" என்றார்கள், சிலர் கைவேலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அந்தத் தெருவைக் கடப்பதற்கு அவளுக்கு ஊர் முழுக்க நடந்ததைவிட அதிக நேரம் பிடித்தது. ரோஸ்லின் கடைக்கு முன்னால் வரும்போது நடையை எட்டிப் போடுவாள். நிற்காமல் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில் நின்றாள். கடைக்கு முன்னால், காலேஜ் வாசலைப் பார்த்தபடி, ஒரு கல்பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். ரோஸ்லின் ஒரு கணம் பார்த்தாள், தட்டைக் கழுவினாள், இரண்டு இட்லியை வைத்துச் சட்னியை ஊற்றி நீட்டினாள். செவ்வந்தி தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட ஆரம்பித்தபோது, வாசலுக்குத் திரும்புகிற காரின் டயர்கள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கண்ணாடி இறங்கியது.

"செவ்வந்தி! இங்க உக்காந்து என்ன பண்றீங்க?" என்றாள் வைதேகி மேடம்.

முகம் காதுவரை எரிந்தது. எழுந்து, சும்மா மேடம், என்று சொல்லிக் காரில் ஏறிக்கொள்ளலாம்; கதவுகூடக் கையெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"சாப்பிடறேன் மேடம்" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டு. "இவங்க வீட்டுலதான் குடியிருக்கேன். வந்த நாள்லேர்ந்து. அன்னைக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன். காலனியில இருக்கேன்னதும் பொய்."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. ரோஸ்லின் அடுப்பைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"என்ன சொன்னீங்க டீச்சர்? ஸ்டவ் இரைச்சல்ல கேக்கல."

ஸ்டவ் அப்போது எரியவே இல்லை. காலேஜ் மணி அடிக்கிற நேரம், வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், நாச்சியப்பன் சாரின் ஸ்கூட்டர் வந்து காருக்குப் பின்னால் ஹாரன் அடித்தது, எதிர்வீட்டு வாசலில் சூசையின் பெண்டாட்டி துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். செவ்வந்தி எழுந்து நின்றாள், தட்டு சாய்ந்து சட்னி சேலையில் வழிந்தது, எல்லாவற்றையும் மறுபடியும், கத்துவதுபோல், அழுவதுபோல், ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. வைதேகி மேடம் "ஓ" என்றாள், கண்ணாடி ஏறியது, கார் உள்ளே போனது. ரோஸ்லின் திரும்பி வந்து, அவள் தட்டில் இன்னும் ஒரு இட்லியை வைத்தாள்.

"உக்காந்து தின்னுங்க" என்றாள். "நின்னுக்கிட்டுத் தின்னா ஒடம்புல ஒட்டாது."

அறை அன்றும் திரும்பி வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. சாயங்காலங்களில் செவ்வந்தி தெரு வழியாக இறங்கிக் கிழக்கே நடந்து போவாள், அதே நேரம் காளவாய் ஆட்கள் வெள்ளைத் தூசியோடு மேற்கே நடந்து வருவார்கள், ரயில்வே கேட் மூடியிருந்தால் கேட்டுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவர்களுமாக ரயில் போகக் காத்திருப்பார்கள். ரயில் போனதும் கேட்டுக்குக் கீழே குனிந்து வருகிற சூசை, "வீட்டுக்கா டீச்சர்?" என்று கேட்பார். "ஆமாண்ணே" என்பாள் அவள், "நீங்களும் வீட்டுக்குத்தானே?" இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி, அவரவர் தூரத்தை நடப்பார்கள்.